சிறை வாசலில் எழுதப்படும் உடலின் பக்கம்

வீட்டில் ஒருவரைக் காவலர்கள் கைது செய்து கொண்டுபோனதும் மொத்தக் குடும்பமும் வக்கீலைத் தேடி ஓடுகிறது. எந்த நீதிமன்றம், எந்தச் சிறை, ஜாமீன் எப்போது என்று விசாரிக்கிறது. அவர் காலையிலும் இரவிலும் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டை மட்டும் வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவராக இருக்கலாம், வலிப்புக்கு மாத்திரை எடுப்பவராக இருக்கலாம், பத்து வருடமாகத் தினமும் குடிப்பவராகவும் இருக்கலாம். இந்த விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. அது எங்கே, யாரால், எந்தச் சட்டத்தின்படி நடக்க வேண்டும் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கைதாகும் ஒருவரின் உடலை அரசு மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: கைதானவுடன் மருத்துவரிடம், பிறகு நடுவர் (மாஜிஸ்திரேட்) முன், கடைசியாகச் சிறை வாசலில்.

முதலாவது, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சில திருத்தங்களோடு வந்திருக்கிறது. கைது செய்யப்பட்ட எவரையும் உடனே அரசு மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் பதிவு பெற்ற வேறு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். உடலில் காயமோ அடித்த தடமோ இருந்தால் அதை எழுத வேண்டும். அந்தக் காயம் ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இன்னொரு முறை பார்ப்பது அவசியம் என்று மருத்துவர் கருதினால் மறுபடியும் பரிசோதிக்கலாம். கைதானவர் பெண் என்றால் பெண் மருத்துவரோ, பெண் மருத்துவரின் மேற்பார்வையிலோதான் பரிசோதிக்க வேண்டும்.

இந்தப் பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது. மருத்துவ அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ கொடுத்தாக வேண்டும். தயவு தாட்சண்யத்தால் கொடுக்கப்படும் காகிதம் அல்ல அது. கேட்டு வாங்குங்கள். வக்கீல் மூலம் எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளும் இதோடு சேர்ந்தவை. கைதானவர் கேட்டால், கைது செய்யும் நேரத்திலேயே அவர் உடலில் உள்ள சிறிய, பெரிய காயங்களைக் குறித்து, அவரும் காவல் அலுவலரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை அவரிடம் தர வேண்டும். காவல் துறையின் பிடியில் இருக்கும் காலம் முழுவதும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்.

இரண்டாவது இடம் நடுவர் நீதிமன்றம். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, கைதானவரை அங்கே நிறுத்த வேண்டும். ‘காவலர்கள் உன்னைத் துன்புறுத்தினார்களா?’ என்று நடுவர் கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்கும் உரிமை இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று 1983இல் ஷீலா பார்ஸே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கிடைப்பது ஒரு நிமிடம், சில நேரம் அதைவிடக் குறைவு. அடித்தவர்களே பக்கத்தில் நிற்கும்போது வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் வலிக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். உடன் வக்கீல் இருந்தால், நடுவரின் உத்தரவிலேயே அது பதிவாகும்படி அவர் கேட்கட்டும்.

மூன்றாவது இடம்தான் சிறை வாசல். குடும்பம் மிகக் குறைவாக அறிந்திருப்பது இதைத்தான்.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் பழையதுதான். ஆனால் அதன் 24ஆம் பிரிவு சொல்வது இன்றும் தெளிவாக இருக்கிறது. குற்றவியல் நீதிமன்ற உத்தரவால் சிறைக்கு வரும் ஒவ்வொருவரும், தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற வேறுபாடு இல்லாமல், சேர்க்கப்பட்டவுடன் கூடிய விரைவில் மருத்துவ அலுவலரின் ஆணைப்படி பரிசோதிக்கப்பட வேண்டும். அவருடைய உடல்நிலை, உடலில் உள்ள காயங்கள், அடையாளங்கள், மருத்துவர் சேர்க்க விரும்பும் குறிப்புகள் எல்லாம் ஜெயிலர் வைத்திருக்கும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

அந்தப் பதிவேட்டுப் பக்கத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று மருத்துவம்: இவருக்கு என்ன நோய், இன்று இரவே என்ன மருந்து வேண்டும் என்பதைச் சொல்வது. மற்றொன்று சாட்சியம்: உள்ளே வரும்போது இந்த உடல் எப்படி இருந்தது என்பதை உறுதி செய்வது. வரும்போதே கை வீங்கியிருந்தது என்று எழுதப்பட்டால், அந்த வீக்கத்துக்குக் காவல் நிலையம் பதில் சொல்ல வேண்டும். காயம் எதுவும் இல்லை என்று எழுதப்பட்டு, நான்கு நாள் கழித்துக் காயம் தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியது சிறை. கவனமாக எழுதும் சிறை மருத்துவர் கைதியை மட்டுமல்ல, தன்னையும் தன் சிறை ஊழியர்களையும் காப்பாற்றிக்கொள்கிறார். ‘உடல்நிலை நன்று’ என்று ஒரே வரியில் முடிக்கும் பதிவு யாரையும் காப்பாற்றுவதில்லை.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் இந்த மூன்று இடங்களையும் கடந்தே போனார்கள். அரசு மருத்துவமனையில் சிறைக்கு அனுப்புவதற்கான சான்று வாங்கப்பட்டது. நடுவர் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினார். கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்க்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும், 23 அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. மூன்று கதவுகளில் ஏதாவது ஒன்று ‘இவர்களை இப்படியே உள்ளே அனுப்ப முடியாது’ என்று மூடியிருந்தால் என்ற எண்ணம், இதை எழுதும்போதும் மனத்தை விட்டு நீங்கவில்லை.

சிறை வாசல் பரிசோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும்? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1999இல் இதற்கென ஒரு படிவம் தயாரித்து எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. முன்பிருந்த நோய்கள், போதைப் பழக்கம், உயரம், எடை, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, நெறிக்கட்டி, காயங்கள், இதயம், நுரையீரல், நரம்பு, கண், காது, பல், வயிறு, சிறுநீர்ப்பாதை என்று தலையிலிருந்து கால்வரை போகும் படிவம் அது. பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியையும் கேட்கிறது. எதற்காகப் பரிசோதனை என்று கைதிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடுதான் செய்யப்பட்டது என்ற வாசகமும் அதில் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்குச் சம்மதம் இன்னும் கண்டிப்பானது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, விளக்கிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. சிறைக்குள் இருப்பதால் இந்த உரிமை போய்விடுவதில்லை.

காசநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெரிசலான பிளாக்கில் ஒருவர் இருமினால் அது எல்லோருக்குமான பிரச்சினை. விடாத இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் என்ற நான்கையும் வாசலிலேயே கேட்டுவிட்டால் பலர் தப்புவார்கள். ஏற்கெனவே காசநோய் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் கைதானால் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. விட்டுவிட்டு எடுத்தால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும்.

நான் அதிகம் கவலைப்படுவது குடியை நினைத்து. நம் ஊரில் கைதாகும் ஆண்களில் தினமும் குடிப்பவர்கள் குறைவல்ல. அப்படிப்பட்டவருக்கு மது திடீரென்று நின்றால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் குரல் கேட்கும், காய்ச்சல் ஏறும், நாடி எகிறும். சிகிச்சை இல்லாமல் விட்டால் அது உயிரையே எடுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கைது, காவல் நிலையம், நீதிமன்றம், பயணம் எல்லாம் முடிந்து அவர் சிறைக்குள் படுக்கும் முதல் இரவும் மறுநாளும்தான் அந்த ஆபத்தான நேரம். அறை வாசலில் நிற்கும் வார்டருக்கு அவர் கத்துவது திமிராகவோ நடிப்பாகவோ தெரியலாம். ‘கடைசியாக எப்போது குடித்தீர்கள், தினமும் எவ்வளவு?’ என்ற கேள்வியை மருத்துவர் வாசலிலேயே கேட்டு எழுதியிருந்தால், அந்தக் கத்தல் நோய் என்று புரிந்திருக்கும். பதில் சொல்பவரும் வெட்கப்பட்டு ‘எப்போதாவதுதான்’ என்று சொல்லிவிடக் கூடாது. இந்த ஒரு பதிலில் மரியாதை பார்க்க வேண்டாம் என்று குடும்பம் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மனநலமும் வாசலிலேயே பார்க்கப்பட வேண்டியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் 2018இல் வந்த விதிகள், சிறைக்கு வரும் ஒவ்வொருவரின் மனநிலையையும் போதைப் பழக்கத்தையும் சேர்க்கும்போதே பரிசோதிக்கச் சொல்கின்றன. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை வசதி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கூறுகிறது. முதன்முறையாகச் சிறைக்கு வருபவரின் முதல் சில நாட்கள் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடியவை. ‘முன்பு எப்போதாவது அப்படி முயன்றதுண்டா?’ என்று அன்போடு கேட்கும் ஒரு கேள்விக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

பெண் கைதி கர்ப்பமாக இருக்கலாம் என்று தெரிந்தால், சிறையின் பெண் மருத்துவர் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும், மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. தாயோடு சிறைக்கு வரும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல்நலத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொறுப்பு சுமத்துகிறது. பரிசோதனை என்ற பெயரில் கன்னித்தன்மைச் சோதனை செய்வது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2023 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நடைமுறையில் எங்கே ஓட்டை விழுகிறது என்றால், பெரும்பாலும் கிளைச் சிறைகளில். புழல், வேலூர், திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்திய சிறைகளில் சிறைக்கென மருத்துவமனையும் மருத்துவர்களும் உண்டு. சிறிய ஊர்க் கிளைச் சிறைக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைதான் துணை. மாலையில் கைதிகளை அறைகளில் பூட்டி முடித்த பிறகு ரிமாண்ட் ஆகி வருபவரை, காவலர்கள் கையில் கொண்டுவந்த சான்றை மட்டும் நம்பி உள்ளே எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. அந்தச் சான்று வேறு நோக்கத்துக்காக, வேறு இடத்தில், காவலர் முன்னிலையில் எழுதப்பட்டது. சிறையின் சொந்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது. மருத்துவப் பரிசோதனை முழு ரகசியத்தோடு நடக்க வேண்டும், மருத்துவ முடிவை மருத்துவர் அல்லாத சிறை அலுவலர் மாற்றக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற, கைதிகளை நடத்துவது பற்றிய மண்டேலா விதிகளும் வலியுறுத்துகின்றன.

உள்ளே போன பிறகும் வழி இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கைதி சொன்னாலோ, பார்ப்பதற்கே நோயாளியாகத் தெரிந்தாலோ, பொறுப்பில் உள்ளவர் தாமதமின்றி ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சிறைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு. உணவு, ஓய்வு, வேலை போன்றவை பற்றி மருத்துவர் சொல்வது கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில் (அவருக்கெனச் சிறை வைத்திருக்கும் பதிவு அட்டை) அன்றன்றே ஏற வேண்டும் என்பது 38ஆம் பிரிவு. சிறையில் முடியாத சிகிச்சைக்கு வெளி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். புழலில் இருந்து சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போவது போல. வழிக்காவலுக்குக் காவலர் இல்லை என்ற காரணத்தால் அது தள்ளிப்போனால், வக்கீல் உடனே நீதிமன்றத்தில் மனு போடலாம். கடும் நோய் இருப்பதைக் காட்டும் பதிவு ஜாமீனுக்கும் உதவும். சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு, பெண்கள், நோயாளிகள், உடல் நலிந்தவர்களுக்கு ஜாமீன் தருவதைத் தனியே குறிப்பிடுகிறது.

காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். 1993 முதல் இது விதி. சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி நடுவர் விசாரணை நடத்த வேண்டும். முடிந்தவரை உறவினர்களுக்குச் சொல்லி, விசாரணையின்போது உடன் இருக்க அவர்களை அனுமதிக்க வேண்டும். அந்த விசாரணையில் முதலில் கேட்டு வாங்கப்பட வேண்டிய ஆவணம், சிறை வாசலில் எழுதப்பட்ட அந்தப் பக்கம்.

ஒருவர் கைதான அன்றே குடும்பம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் அவருடைய நோய்கள், மருந்துகளின் பெயர், அளவு, எந்த வேளைக்கு, எந்த மருத்துவமனையில் பார்க்கிறார், ஒவ்வாமை உண்டா, குடிப்பழக்கம் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததா என்று எழுதுங்கள். மருந்துச் சீட்டின் நகலைச் சேருங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வக்கீல் மூலம் நடுவரிடம், ஒன்றைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, மூன்றாவதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போகும்போது ‘மருத்துவர் பார்த்தாரா, என்ன கேட்டார், மருந்து கொடுத்தார்களா?’ என்று கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். உயிர் தொடர்பான தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்.

வேறு சிறைக்கு மாற்றும் முன்பும் இதேபோல் ஒரு பரிசோதனை உண்டு. பயணத்துக்குத் தடையான நோய் எதுவும் இல்லை என்று மருத்துவ அலுவலர் சான்று தராமல் மாற்றக் கூடாது என்கிறது சிறைகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு. விடுதலைக்கும் அதே பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கடும் நோயில் கிடப்பவரை அவர் விருப்பத்துக்கு மாறாக, வெளியே அனுப்புவது பாதுகாப்பானது என்று மருத்துவர் கருதும்வரை, வாசலில் விட்டுவிடக் கூடாது.