ஸ்வெட்டர் ஜிப்பும் இரண்டாவது எக்ஸ்ரேயும்

கோத்தகிரியில் ஜனவரி மாதக் காலையில் எக்ஸ்ரே மேசையைத் தொட்டாலே கை சில்லிடும். இரண்டு வயதுக் குழந்தையின் சட்டையைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்தால், வீறிட்டு அழுது உடலை முறுக்கிக்கொள்ளும். படம் அசைந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஸ்வெட்டரோடு எடுத்தாலோ, ஜிப்பும் கழுத்துத் தாயத்தும் நெஞ்சின் நடுவே வெள்ளையாக விழும். அதற்கும் மறுபடிதான்.

ரேடியோகிராஃபராக எனக்குக் கவலை தருவது இந்த ‘மறுபடி’தான். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூன்று நாளில் இயற்கையாகவே நம்மேல் படுகிற அளவு அது. தேவையான படத்துக்கு அஞ்ச வேண்டாம். தலை சி.டி. ஸ்கேன் அப்படியல்ல, சுமார் 2 மில்லிசீவர்ட், நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிபவை, வாழ வேண்டிய காலமும் நெடியது. அதனால் கதிர்வீச்சின் பாதிப்புக்கு வாய்ப்பும் அதிகம். பெரியவர்களுக்கான அளவையே குழந்தைக்கும் வைப்பது தவறு. உடல் அளவுக்கேற்ப இயந்திரத்தில் குறைத்தே ஆக வேண்டும்.

இப்போது மெல்லிய ஃபிளானல் துணியை ஹீட்டர் அருகே காயவைத்து மேசையில் விரிக்கிறேன். தாயத்தை நான் அவிழ்ப்பதில்லை. பாட்டியிடம் கேட்கிறேன், அவரே அவிழ்த்து உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறார், படம் முடிந்ததும் அவரே கட்டிவிடுகிறார். குழந்தையைப் பிடித்துக்கொள்ள அம்மா வந்தால், கர்ப்பமா என்று கேட்ட பிறகே ஈய ஏப்ரனைக் கொடுக்கிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுப் படியில் சறுக்கி விழுந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை மறக்க முடியவில்லை. மயங்கவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலியும் இல்லை. மலையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் கீழே அழைத்துப்போய் சி.டி. எடுத்தார்கள். மறுநாள் கோவையில் வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போனபோது ஃபிலிம் வீட்டில் கிடந்தது. அங்கே இன்னொரு சி.டி.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, நினைவு தெளிவாக இருந்து, பெரிய விபத்தோ மண்டையோட்டு முறிவின் அடையாளமோ இல்லாமல், இச்சிறுமியைப் போல வேறு அறிகுறியும் இல்லாத குழந்தைகளுக்கு சி.டி. வேண்டியதில்லை என்றே காட்டியது. சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்று வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்றும் கேட்கலாம். அதில் கதிர்வீச்சே கிடையாது.

எடுத்த ஃபிலிமையும் ஸ்கேன் பதிந்த குறுந்தட்டையும் ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள். மலை இறங்கும்போது அந்தப் பையும் கூடவே வரட்டும்.