நேட்: முகவரிப் பெயர்ப்பு

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் வாயில் நாளெல்லாம் புழங்கும் ‘நேட்’, ‘நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்’ என்பதன் சுருக்கம். நெட்வொர்க்கில் தரவு ‘பாக்கெட்’ என்ற சிறு துண்டுகளாகப் போகும்; நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி ‘ரூட்டர்’. ஒரு பாக்கெட் ரூட்டரைக் கடக்கும்போது அதன் தலைப்பில் உள்ள ஐபி முகவரியை (கணினியை அடையாளம் காட்டும் எண்ணை) எடுத்துவிட்டு வேறொன்றை எழுதுவது, பதில் வந்ததும் பழையதைத் திரும்பப் போடுவது, இவ்வளவுதான் வேலை.

கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் இருவரும் 1994 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இதை விவரித்தார்கள். ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட். மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. அது தீர்ந்துபோகும் முன் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. முப்பது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘டிரான்ஸ்லேஷன்’ என்பதன் லத்தீன் வேர், ஒன்றை அக்கரைக்குக் கொண்டுபோவதைக் குறிக்கும். மொழிக்கும் அதற்கும் முதலில் தொடர்பில்லை. தமிழில் இதைச் சிலர் ‘பிணைய முகவரி மொழிபெயர்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே எந்த மொழியும் இல்லையே! ‘பெயர்த்தல்’ என்றாலே ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதுதான். தொல்காப்பியம் ‘மொழிபெயர்த்து’ என்று சொல்லும்போது மொழியைத் தனியாகச் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே ‘பிணைய முகவரிப் பெயர்ப்பு’ சரி. பேச்சில் ‘முகவரிப் பெயர்ப்பு’ போதும். ‘முகவரி மாற்றம்’ எளிதுதான், ஆனால் கணினியின் முகவரியையே மாற்றிவிட்டதாகத் தோன்றும். கணினிக்கு நடந்தது எதுவும் தெரியாது.

பல கணினிகள் ஒரே பொது முகவரியில் இணையத்துக்குப் போக, முகவரியோடு போர்ட் எண்ணையும் (ஒரே முகவரியில் நடக்கும் பல தொடர்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) ரூட்டர் மாற்றிக் குறித்துவைத்துக்கொள்கிறது. இதற்கு ‘பேட்’ (போர்ட் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்) என்று பெயர்; லினக்ஸ்காரர்களுக்கு ‘மாஸ்கரேட்’.

இரண்டு அலுவலகங்களை இணைக்கும்போதுதான் சொல்லின் பொருள் தெளிவாகப் புரியும். இரண்டிலும் உள் முகவரிகள் 192.168.1.0/24, அதாவது 192.168.1 என்று தொடங்கிக் கடைசி எண் மட்டும் மாறுபவை, என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள 192.168.1.25, அங்குள்ள 192.168.1.40ஐத் தேடினால் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து உள்ளூரிலேயே கூவிப் பார்க்கும். பாக்கெட் ரூட்டர் பக்கமே வராது. அதனால் இந்த அலுவலகத்தை வெளியே 10.1.1.0/24 என்றும், அந்த அலுவலகத்தை 10.2.2.0/24 என்றும் காட்டுவார்கள். இப்போது 10.2.2.40 என்று கேட்டால், அனுப்புநர் முகவரியை இந்த ரூட்டர் 10.1.1.25 ஆக்கும், பெறுநர் முகவரியை அந்த ரூட்டர் 192.168.1.40 ஆக்கும். கடைசி எண் மாறாமல் அப்படியே வருவதைப் பாருங்கள்: ஒன்றுக்கு ஒன்று பெயர்ப்பு, அதாவது ‘ஸ்டாட்டிக் நேட்’.

முகவரிகள் மோதாத அலுவலகங்கள் என்றால் அவற்றுக்கிடையே பெயர்ப்பே வேண்டாம். ஆனால் இணையத்துக்காகப் போட்ட நேட் விதி, அலுவலகங்களை இணையத்தின் வழியே தனிப்பட இணைக்கும் விபிஎன் போக்குவரத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். சிஸ்கோ ரூட்டர்களில் வெளியே போகும் பாக்கெட்டுக்கு முதலில் நேட், அப்புறம்தான் எந்தெந்த முகவரிகள் விபிஎன் வழியே போக வேண்டும் என்ற பட்டியலோடு ஒப்பீடு. முகவரி முன்பே மாறிவிட்டதால் பட்டியலில் பொருந்தாது, டனல் (அலுவலகங்களுக்கு இடையிலான விபிஎன் இணைப்பு) எழும்பாது. எதிர் அலுவலக முகவரிகளுக்கு நேட் விதியில் விலக்கு எழுத வேண்டும். பேச்சுவழக்கில் இது ‘நோ-நேட்’. தமிழில் ‘பெயர்ப்பு விலக்கு’ எனலாம்.