பிரேக்கருக்குத் தெரியாத சூடு

மூடி கழற்றிய ஒரு மின் விநியோகப் பெட்டி. உள்ளே பித்தளை நியூட்ரல் லிங்க், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்களை ஒன்றுசேர்க்கும் பட்டை. அதில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வயர்கள். ஒன்றில் மட்டும், திருகை ஒட்டி இரண்டு விரல்கடை நீளத்துக்கு, உறை பழுப்பேறிச் சருகாகியிருக்கிறது. நகத்தால் கீறினால் உதிர்கிறது. அதே வயர் ஒரு சாண் தள்ளிப் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. இந்த முனையில் ஓடும் அதே ஆம்பியர்தான் அந்த முனையிலும் ஓடுகிறது. வெந்தது மட்டும் ஏன் இந்த இரண்டு விரல்கடை?

முதலில் பட்டையைப் பார்த்துவிடலாம். பல வயர்களுக்குப் பொதுவான இப்படிப்பட்ட உலோகப் பட்டைக்குப் பெயர் பஸ்பார். பஸ்பாரில் இருக்கும் பஸ்ஸும் நாம் ஏறிப் போகும் பஸ்ஸும் ஒன்றுதான். ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால் அது. பெட்டிக்குள் தடித்த கேபிள் ஒன்று வருகிறது; அதிலிருந்து பல கிளைகள் பிரிய வேண்டும். அத்தனை வயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினாலும் மின்சாரம் போகும், நாளைக்கு ஒன்றை மட்டும் கழற்ற வேண்டியிருந்தால்தான் வில்லங்கம். பட்டையில் ஆளுக்கொரு துளை, ஆளுக்கொரு திருகு.

அது ஏன் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது? 25 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள செம்புப் பட்டை என்றால் குறுக்குப் பரப்பு 100 சதுர மி.மீ.; சுற்றளவு 58 மி.மீ. அதே செம்பை உருட்டிக் கம்பியாக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 35 மி.மீ.தான். உலோகம் ஒரே அளவு, காற்றில் படும் மேனி தட்டையில் அதிகம். அதனால் சீக்கிரம் ஆறுகிறது. ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி வைத்து போல்ட் போடவும் தட்டைதான் வசதி.

இந்தப் பட்டையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மின்தடை சுமார் 0.17 மில்லி ஓம். 100 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு மீட்டர் முழுவதும் சேர்ந்து வெளியிடும் வெப்பம் 1.7 வாட். கையை வைத்தாலும் உறைக்காத சூடு (வைத்துப் பார்த்துவிட வேண்டாம்). ஆக, பட்டைமீது குற்றமில்லை.

குற்றவாளி, இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடம். எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகத்தின் முகம் மேடும் பள்ளமும்தான். இரண்டு முகங்களைச் சேர்த்து வைக்கும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு கடக்க வேண்டும். திருகை முடுக்கும்போது உச்சிகள் நசுங்கிப் புள்ளிகள் பெருகுகின்றன, தடை இறங்குகிறது. தளர்ந்தால் நேர்மாறு. ‘மரை கழன்றது’ என்று நாம் மனிதர்களைத்தான் கேலி செய்கிறோம். பெட்டிக்குள் அது கேலி இல்லை.

தளர்ந்த ஓர் இணைப்பின் தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 18 வாட் வெப்பம். சிறிய சால்டரிங் அயன் ஒன்று 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது. அது மோசமான கடத்தி, ஆகவே தடை ஏறுகிறது. தடை ஏறச் சூடு ஏறுகிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கித் திருகின் பிடியும் விட்டுக்கொண்டே வருகிறது.

இத்தனைக்கும், மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் பிரேக்கர் அசையாது. அதற்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும். தளர்ந்த இணைப்பு ஆம்பியரைக் கூட்டுவதில்லை. கடுகளவு குறைக்கவே செய்கிறது. மின்கசிவைக் கண்டு அணையும் சாதனத்துக்கும் இதில் வேலையில்லை, எதுவும் கசியவில்லையே! 230 வோல்ட்டில் 0.6 வோல்ட் இழப்பு, விளக்கு கூட மங்காது.

வயர் முனைகளைத் திருகி இணைக்கும் கட்டையான டெர்மினல் பிளாக் இந்தத் தொல்லைக்காகவே செய்த பொருள். நல்லதொன்றைப் பிரித்துப் பார்த்தால் வேலைப் பிரிவினை தெரியும்: மின்சாரத்தைச் சுமப்பது தகரம் பூசிய செம்பு அல்லது பித்தளைத் துண்டு, இறுக்கிப் பிடிப்பது எஃகுக் கூடும் திருகும். செம்பு கடத்தும், ஆனால் மெத்தென்றது. எஃகு சுமாராகக் கடத்தும், ஆனால் பிடித்த பிடி விடாது. திருகின் நுனி வயரை நேரடியாகக் குத்தாமல் நடுவில் ஒரு தகடு அமர்ந்து அழுத்துகிறது. மலிவான கட்டைகளில் அந்தத் தகடு இருக்காது. திருகு பல இழை வயருக்குள் துளைத்து, பாதி இழைகளை அறுத்து, மீதியை ஓரம் தள்ளிவிடும். முனையில் ஈயம் பற்றவைத்துச் செருகுவது அதைவிடக் கெடுதல். பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் ஈயப் பற்று அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து விலகும், சில மாதங்களில் திருகு ஆடும். முனையில் சிறு உலோகக் குழாயை மாட்டி நசுக்குவதுதான் சரியான வழி. அலுமினிய வயருக்கும் இதே வழிந்து விலகும் குணம் உண்டு, செம்பைவிட அதிகமாக விரியவும் செய்யும்.

தளர்ந்தது மூன்று பேஸ் இணைப்பின் பொது நியூட்ரல் என்றால் கதை வேறு. அது முற்றிலும் விட்டுப்போனால், ஒரு பேஸில் இருக்கும் சிறு விளக்கும் இன்னொரு பேஸில் இருக்கும் வாட்டர் ஹீட்டரும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடரிணைப்பில் மாட்டிக்கொள்ளும். ஹீட்டரின் தடை சொற்பம்; 400-இல் பெரும்பங்கு விளக்கின் தலையில் விழும்.

பட்டைகளைத் தாங்கும் தடித்த காப்புக் கட்டைகளும் வெறும் அலங்காரமல்ல. 50 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு பட்டைகளில் குறுக்குச் சுற்றால் (ஷார்ட் சர்க்யூட்) 10,000 ஆம்பியர் எதிரெதிராகப் பாய்ந்தால், மீட்டருக்கு 400 நியூட்டன் விசையில் ஒன்றையொன்று உதறித் தள்ளும். கிட்டத்தட்ட 40 கிலோ எடை. ஆம்பியர் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு.

பழுப்பேறும் முன்பே கண்டுபிடிக்க வெப்பக் கேமரா இருக்கிறது. முழு லோடு ஓடும்போது மூடியைத் திறந்து எடுத்தால் தளர்ந்த திருகு மட்டும் வெள்ளையாக ஒளிரும். பயிற்சி பெற்ற மின்பணியாளர் கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தாலும் போதும். திருகின் இப்புறம் ஒரு முனை, அப்புறம் ஒரு முனை. நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட் காட்டும். நாம் முதலில் பார்த்த அந்தச் சருகு வயரில் பல நூறு காட்டும்.