எடையற்ற பூச்சியை எறியும் கலை: ஃப்ளை தூண்டில் எப்படி வேலை செய்கிறது?

சேவல் இறகையும் பட்டு நூலையும் சுற்றிக் கட்டிய கொசு அளவுள்ள ஒரு செயற்கைப் பூச்சியைக் கையில் எடுத்து, முழு பலத்துடன் ஆற்றை நோக்கி எறிந்தால், அது சில அடி தூரம் கூடப் போகாமல் காலடியிலேயே விழும். அவ்வளவு இலேசான பொருள் காற்றின் தடையை எதிர்த்து முன்னேறுவதற்குப் போதிய உந்தத்தைப் பெறுவதில்லை. நம் ஊர்க் குளக்கரையில் மண்புழுவைக் கோத்துப் போடுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈயக்குண்டும் தக்கையும் சேர்ந்த எடை முன்னே பறக்க, மெல்லிய நூல் அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. இத்தகைய செயற்கைப் பூச்சியைக் கொண்டு மீன் பிடிக்கும் ஃப்ளை தூண்டிலில் இந்த ஏற்பாடு தலைகீழானது. இங்கே எடை முழுவதும் நூலில்தான் இருக்கிறது, எறியப்படுவதும் நூல்தான், பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. கோலின் நீளம், நூலின் எண், கையை நிறுத்த வேண்டிய இடம் என்று புதியவர் கற்க வேண்டிய அனைத்தும் இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பூச்சி வேடமிட்ட முள்ளால் மீன் பிடிப்பது மிகப் பழைய வழக்கம். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஈலியன், மக்கெதோனியாவின் ஓர் ஆற்றில் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி இழையைச் சுற்றி, அதில் சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டிப் பயன்படுத்தியதை விவரித்திருக்கிறார். அவர்களுடைய கோல் ஆறடி, நூலும் ஆறடி. அந்தத் தூரத்துக்கு வீசும் நுட்பம் ஏதும் தேவைப்படவில்லை; கோலை நீட்டிப் பூச்சியைத் தண்ணீரில் தொட வைத்தாலே போதும். ஜப்பானின் மலை ஓடைகளில் வளர்ந்த தென்காரா முறை இன்றும் நூல் சுற்றி வைக்கும் ரீல் இல்லாமல், கோலின் நுனியில் நேரடியாகக் கட்டிய நூலுடன் இதைப் போலவே நடக்கிறது. தூரம் கூடக் கூடத்தான் நூலுக்கு எடை தேவைப்பட்டது. குதிரை மயிரைத் திரித்த நூலும், அதன் பிறகு எண்ணெய் பூசிய பட்டு நூலும் அந்த வேலையைச் செய்தன. பட்டு நூல் தண்ணீரை உறிஞ்சி மூழ்கிவிடும் என்பதால், மீன்பிடித்த ஒவ்வொரு நாளும் அதை உலர்த்தி மீண்டும் மெழுகு பூச வேண்டியிருந்தது. 1950களில் பி.வி.சி. மேற்பூச்சு கொண்ட நூல்கள் வந்து அந்தத் தொல்லையை ஒழித்தன. இன்றைய மிதக்கும் நூலின் மேற்பூச்சுக்குள் உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடிக் கோளங்கள் கலக்கப்பட்டிருப்பதால் அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவாக இருக்கிறது.

கடைக்குச் செல்பவரை முதலில் குழப்புவது எண்கள். கோலின் மீதும் நூல் பெட்டியின் மீதும் 1 முதல் 14 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். அது நூலின் முதல் 30 அடியின், அதாவது சுமார் 9.1 மீட்டரின் எடையைக் குறிக்கிறது. எடையைக் கிராமில் சொல்லாமல் கிரெய்ன் என்ற பழைய அலகில் சொல்வது இத்துறையின் மரபு. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராமை ஒட்டிய எடை கொண்டது. 8ஆம் எண் நூலுக்கு அது 210 கிரெய்ன். கோலில் உள்ள எண், இந்த எடையுள்ள நூலைத் தாங்கி அளவாக வளையும்படி அது செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. ஆகவே 5ஆம் எண் கோலுக்கு 5ஆம் எண் நூல். இதைப் பொருத்தாமல் வாங்கினால், வீசுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கோல் ஒன்று வளையவே மறுக்கும் அல்லது அளவுக்கு மீறித் தொய்ந்துபோகும்.

ட்ரவுட் போன்ற நடுத்தர மீன்களுக்குத் தொடங்குபவர் ஒன்பதடி நீளமுள்ள, நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய, 5ஆம் எண் கார்பன் இழைக் கோலை எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அதை மாற்ற எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. நூல் மிதக்கும் வகையாக இருக்கட்டும். எடை முன்பகுதியில் குவிந்திருக்கும் வகை பழகுவதற்கு எளிது. ரீல்தான் கண்ணாடிப் பேழைக்குள் பளபளத்துப் பணத்தைக் கவரும். ஆனால் சிறிய மீன்களைப் பிடிக்கும்போது ரீலின் பணி நூலைச் சுற்றி வைத்திருப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வீசும்போது அதற்கு எந்தப் பங்கும் இல்லை. மிச்சப்படும் பணத்தை நல்ல நூலில் போடுவதே புத்திசாலித்தனம். கடலிலோ பெரிய ஆற்றிலோ நீண்ட தூரம் ஓடும் மீனை எதிர்கொள்ளும்போது மட்டுமே ரீலின் தடுப்பு விசை முக்கியமாகிறது.

தடித்த நூலின் முனையில் நேரடியாகப் பூச்சியைக் கட்ட முடியாது. மீன் நூலைக் கண்டு விலகிவிடும் என்பது ஒரு காரணம், நூல் தண்ணீரில் அறைந்தாற்போல் விழும் என்பது இன்னொன்று. அதனால் இடையில் லீடர் என்னும் ஒளி ஊடுருவும் நைலான் இழை வருகிறது. வழக்கமாக ஒன்பதடி நீளமுள்ள இது, நூலைத் தொடும் இடத்தில் தடிமனாகவும் போகப் போக மெலிந்தும் இருக்கும். அதன் மெல்லிய கடைசிப் பகுதி டிப்பெட். டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் குறியீட்டால் சொல்வார்கள்: 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் எண் கிடைக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. 16ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ் சரியாக அமையும். முள்ளின் எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறியதாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த இழையைத் துளைகள் வழியே இழுத்து மெலிய வைத்த காலத்திலிருந்து வந்த குறியீடு இது.

இனி வீச்சுக்கு வருவோம். நூலால் எதையும் தள்ள முடியாது. அதை இழுக்க மட்டுமே முடியும். கோலின் நுனி எந்தப் பாதையில் இழுக்கிறதோ, அந்தப் பாதையில்தான் நூல் போகும். வேகமெடுத்துச் செல்லும் கோலைச் சட்டென நிறுத்தும்போது நுனி நின்றுவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே வேகம் பெற்ற நூல் நுனியைத் தாண்டிப் பறக்கிறது. நூலின் ஒரு முனை கோலில் கட்டுண்டு நிற்க, மறுமுனை முன்னே விரைவதால், நடுவில் பக்கவாட்டில் கவிழ்த்த ‘ப’ போன்ற ஒரு வளைவு உருவாகிறது. இதை லூப் என்பார்கள். லூப்பின் கீழ்க் கிளை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. மேல் கிளை முன்னோக்கி ஓடுகிறது. வளைவோ மேல் கிளையின் வேகத்தில் பாதி வேகத்தில் முன்னேறுகிறது.

லூப் உருண்டு விரியும்போது நடப்பதுதான் இதில் அழகானது. மேல் கிளை ஒவ்வொரு கணமும் குறுகிக்கொண்டே வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிறை குறைகிறது. காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், அதே இயக்க ஆற்றல் குறைந்துவரும் நிறைக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மிச்சமுள்ள பகுதியின் வேகம் கூடும். சாட்டையைச் சொடுக்கும்போது அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி வெடிப்பதற்கும் இதுவே காரணம். தூண்டில் நூலில் காற்றுத் தடை பெரும்பகுதி ஆற்றலைத் தின்றுவிடுவதால் அந்த அளவுக்கு வேகம் எகிறுவதில்லை. தடித்த நூலிலிருந்து மெல்லிய டிப்பெட் வரை நிறை படிப்படியாகக் குறையும்படி லீடர் செய்யப்பட்டிருப்பதன் பயன் இங்கே தெரிகிறது: ஆற்றல் தடையின்றிக் கைமாறி நுனி வரை போய்ச் சேர்கிறது, பூச்சி கடைசியில் மெதுவாக நீட்டிப் படுக்கிறது. தடித்த நூலின் முனையில் திடீரென்று மிக மெல்லிய இழையைக் கட்டினால், அந்த இணைப்பிலேயே வீச்சு மடிந்து, லீடர் ஒரு குவியலாக நீரில் விழும்.

லூப் குறுகலாக இருந்தால் அது காற்றைக் குறைந்த பரப்பால் கிழித்துச் செல்லும். அகலமாக இருந்தால் பாதி வழியிலேயே தளரும். இந்த அகலத்தைத் தீர்மானிப்பது கோல் நுனியின் பாதை. வளையாத ஒரு கழியைக் கையில் பிடித்து ஆட்டினால் அதன் நுனி வட்டத்தின் வில்லாகத்தான் நகரும். நூலும் அந்த வில்லையே பின்பற்றி அகன்ற லூப்பாக விரியும். கோல் வளைவதன் முதன்மையான பயன் இதைத் திருத்துவதுதான். நூலின் எடையால் கோல் வளையும்போது கைப்பிடிக்கும் நுனிக்கும் இடையிலான தூரம் குறைகிறது. வேகம் சீராகக் கூடிச் செல்லும்போது வளைவும் கூடி, வில்லின் உச்சியில் மேலெழ வேண்டிய நுனி தாழ்ந்து ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. கோல் ஒரு சுருள்வில்லாகச் சேமித்த ஆற்றலை விடுவித்தே நூலை எறிகிறது என்று பலர் சொல்வது மிகை. வேகத்தின் பெரும்பகுதி, கையின் சிறிய அசைவை நுனியில் பெரிதாக்கும் நெம்புகோல் வேலையிலிருந்தே வருகிறது.

புதியவர்களின் தவறுகளையும் இந்த நேர்கோட்டை வைத்தே படித்துவிடலாம். மணிக்கட்டைத் தளர விட்டுக் கோலைப் பின்னால் தரை வரை சாய்த்தால் நுனி குவிந்த வில்லை வரைகிறது, லூப் அகன்று விழுகிறது. மாறாக, வீச்சின் தொடக்கத்திலேயே ஒரே உதறலில் பலம் முழுவதையும் கொடுத்தால் கோல் நடுவழியில் அளவுக்கு மீறி வளைந்து நுனி தாழ்கிறது, பிறகு மீண்டும் எழுகிறது. நுனியின் பாதையில் பள்ளம் விழுவதால் மேல் கிளை கீழ்க் கிளையைக் குறுக்கே வெட்டி, லீடரில் தானாகவே ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. இதைக் காற்று முடிச்சு என்று பெயரிட்டுக் காற்றின் தலையில் பழி போடுவது மீன்பிடிப்பவர்களின் பழைய பழக்கம். அந்த முடிச்சு டிப்பெட்டின் வலிமையை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், கண்டவுடன் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது.

பழக வேண்டிய முதல் வீச்சு எளியது. ஒன்பது மீட்டருக்கும் குறைவான நூலைப் புல்தரையில் நேராக விரித்து, பூச்சிக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். சிமெந்துத் தரை நூலின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பெருவிரலைக் கைப்பிடியின் மேல் வைத்து, கோலின் நுனியைத் தரையருகே தாழ்த்தி, தொய்வு ஏதும் இல்லாமல் தொடங்க வேண்டும். தொய்வு இருந்தால் வீச்சின் முதற்பாதி அதை இறுக்குவதிலேயே வீணாகிவிடும். கோலைப் பின்னோக்கி மெல்ல உயர்த்தத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு என்று கொண்டு கடிகார முகத்தில் சொன்னால், ஒரு மணி நிலையை ஒட்டிச் சட்டென நிறுத்துங்கள். இப்போது கை சும்மா இருக்க வேண்டும். பின்வீச்சு பின்னால் முழுவதும் விரிவதற்கு நேரம் பிடிக்கும். நூல் நீள நீள அந்த இடைவேளையும் நீளும். திரும்பிப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நூல் விரியும் முன்பே முன்வீச்சைத் தொடங்கினால் ‘சடார்’ என்று ஒலி கேட்கும். உண்மையான பூச்சி கட்டியிருந்தால் அது அந்த நொடியே அறுந்து பறந்திருக்கும். முன்வீச்சும் அதேபோல் வேகமெடுத்து, பத்து மணி நிலையில் நிற்க வேண்டும். லூப் விரிந்து முடிந்த பிறகுதான் நுனியைத் தாழ்த்த வேண்டும்.

நூலை நீட்டும்போது எடை கூடுகிறது, கோல் கூடுதலாக வளைகிறது. அந்த வளைவை ஈடுகட்ட வீச்சின் கோணமும் அகல வேண்டும். கடிகார நிலைகள் குறுகிய நூலுக்கு மட்டுமே பொருந்துவது இதனால்தான். அமெரிக்காவின் தூண்டில் வீச்சு வீராங்கனை ஜோன் வுல்ஃப் 1960இல் 161 அடி தூரம் வீசியது தசை வலிமையால் மட்டும் நடந்ததன்று. சரியான நொடியில் வேகத்தைக் குவித்து நிறுத்துவதன் பயன் அது. பின்னால் மரமோ பாறையோ இருந்து பின்வீச்சுக்கு இடமில்லாதபோது உருள்வீச்சு உதவும்: நூலை நீரின் மேல் மெல்ல இழுத்து வந்து, அதன் ஒரு பகுதி நீரிலேயே பற்றியிருக்க, கோலை முன்னோக்கி வீசினால் லூப் நீர்ப்பரப்பின் மேலேயே உருண்டு விரியும். நீரின் பிடி இதற்குத் தேவை என்பதால் புல்தரையில் இதைச் சரியாகப் பழக முடியாது. எங்கே பழகினாலும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். முள்ளின் கூர்நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நம் காதுக்கும் நல்லது.

வீச்சு நன்றாக அமைந்தும் மீன் கடிக்காமல் போவதற்கு ஒளியியலிலும் ஒரு காரணம் உண்டு. நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகைக் கோணமுள்ள ஒரு கூம்புக்குள் சுருங்கித் தெரிகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனின் அந்தச் சாளரம் நீர்ப்பரப்பில் 68 சென்டிமீட்டர் விட்டமே கொண்டது. அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடி போல் அடியைப் பிரதிபலிக்கும். தாழ்வாக இருக்கும் பொருள்கள் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரிவதால், குனிந்து நெருங்குபவரை மீன் எளிதில் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு ஒரு பழைய இடம் உண்டு. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட்டைக் கொண்டுவரும் முயற்சி 1860களில் பிரான்சிஸ் டே என்பவரால் தொடங்கப்பட்டுத் தோற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது. அது அந்நிய இனம் என்பதையும், அந்த ஓடைகளில் பல இன்று பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் இருப்பதால் அனுமதியின்றி அங்கே தூண்டில் போட முடியாது என்பதையும் அறிந்துகொண்டு செல்வது நல்லது. மலை ஏற முடியாதவர்களுக்குச் சமவெளிக் குளங்களில் ஜிலேபிக் கெண்டை இருக்கிறது. அதே 5ஆம் எண் கோலுக்குச் சிறிய, மூழ்கும் பூச்சியைக் கட்டினால் போதும்.

ஓடும் நீரில் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. நடு ஓட்டம் வேகமாகவும் அக்கரையோரம் மெதுவாகவும் இருந்தால், நடுவில் கிடக்கும் நூல் முன்னே இழுபட்டுப் பூச்சியையும் இழுக்கத் தொடங்கும். இயல்பான பூச்சி எதுவும் நீரோட்டத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நீந்துவதில்லை என்பதால் ட்ரவுட் அதைத் தொடாது. நூல் விழுந்த உடனேயே கோலின் நுனியை உயர்த்தி, நூலின் நடுப்பகுதியை மட்டும் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு வில்லாகத் தூக்கிப் போட்டால், அந்த வில் நேராகும் வரை பூச்சி தன் போக்கில் மிதக்கும். மீன் நிற்கும் இடத்தைக் கடக்க அந்தச் சில நொடிகள் பெரும்பாலும் போதும்.