ஃபீஸுக்குள் ஒரு மாடு

பாகூரில் எங்கள் சித்தப்பா கறவை மாட்டை விற்றுத் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார். வாங்கியவர் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டியதும் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கயிற்றோடு கொடுத்தால் லட்சுமியும் கூடப் போய்விடுவாளாம்.

அந்த 'ஃபீஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு மாடு இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் படைத்துணை தருகிறவனுக்குத் தலைவன் நிலம் விடுவான். அந்த நிலத்துக்குப் பிரெஞ்சில் 'ஃபியெஃப்' என்று பேர். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் 'ஃபீ' ஆனது. முதலில் நிலம், அப்புறம் பதவிக்கான வரும்படி, கடைசியில் கட்டணம்.

சரி, ஃபியெஃப் எங்கிருந்து வந்தது? ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய மக்கள் பேசிய 'ஃபெஹு' என்ற சொல்லிலிருந்து என்பதே மொழியியலாளர் பலரும் ஏற்கும் விளக்கம். ஃபெஹு என்றால் மாடு. சொத்து என்றும் பொருள். மந்தைதானே அன்றைக்குச் சொத்து! ஜெர்மனில் கால்நடையை இன்றும் 'ஃபீ' என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சமஸ்கிருதத்தின் 'பசு'வும் ஃபெஹுவும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். உதட்டை முழுக்க மூடித் திறந்தால் 'ப'. மூடாமல் காற்றை உரசவிட்டால் 'ஃப'. ஜெர்மானியக் கிளையில் பழைய 'ப' இப்படித்தான் நெகிழ்ந்தது. பாதம் அங்கே ஃபுட், பிதா ஃபாதர், பஞ்ச ஃபைவ். தற்செயல் இல்லை, சீரான மாற்றம் என்று ஜெர்மன் மொழியியலாளர் யாகோப் கிரிம் 1822-ல் விதியாகவே எழுதிவைத்தார்.

தமிழ் அந்தக் குடும்பத்து மொழியே இல்லை. ஆனாலும் 'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் சொல்லும்போது மாடு என்பது செல்வம்தான். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே தொழுவத்தில் வந்து நிற்பது எவ்வளவு அழகு!

நம் பக்கத்தில் ஃபியெஃப் மாதிரி ஏற்பாட்டுக்கு வழங்கிய பேர் ஜாகீர். பாரசீகத்தில் 'ஜா' இடம், 'கீர்' பிடிப்பது. 'ஜாகை எங்கே?' என்று பெரியவர்கள் கேட்பார்களே, அதிலும் இந்த 'ஜா' உண்டு. 'கீர்' ஜஹாங்கீர் என்ற பேரிலும் உண்டு: உலகத்தையே பிடித்தவர் என்று பொருள். 1750-ல் ஐதராபாத் நிஜாமான முசாபர் ஜங், புதுச்சேரி கவர்னர் டூப்ளேவுக்கு வழுதாவூரை ஜாகீராகக் கொடுத்தார். முகலாய முறைப்படி ஜாகீர்தாருக்கு மண் சொந்தமாகாது, அதன் வரி மட்டும்தான். சில வருஷத்துக்கு ஒருமுறை ஊரையும் மாற்றிவிடுவார்கள்.