கோவாவுக்கு டிக்கெட் போடும் முன்

டிராவல்ஸ் தொழிலில் கோவா விசாரிப்பு எங்களுக்கு அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில்தான். "அண்ணாச்சி, மே கடைசியில போட்டுருங்க, ரேட்டு குறைச்சலாமே" என்பார்கள். குறைச்சல்தான். ஏன் குறைச்சல் என்பதைச் சொன்ன பிறகே நான் முன்பணம் வாங்குவது.

குற்றாலத்தில் சீசனைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவமழைதான் கோவாவிலும் பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்தது போக, செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மிச்சம்தான் நம் சாரல். கோவா மலைக்கு அந்தப் பக்கம். முழு மழையும் அதன் தலையில். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், பாராசெயிலிங் கிடையாது, கடற்கரையில் போட்டிருக்கும் ஓலைக்கொட்டகைச் சாப்பாட்டுக் கடைகளையும் பிரித்துவிடுவார்கள். மே கடைசி என்றால் அதன் வாசற்படி. மழை பார்க்கத்தான் போகிறோம் என்பவர்கள் தாராளமாகப் போகலாம், ஊரே பச்சைப்பசேலென்று இருக்கும். கடலில் குளிக்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை விட்டுவிட்டால் காசு மிச்சம்.

நல்ல சீசனிலும் ஒரு ஆபத்து உண்டு. தாமிரபரணியில் நீந்திப் பழகியவர்களுக்கு வரும் தைரியம் அது. உவரி, இடிந்தகரை என்று கடலோரத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுண், பேட்டைப் பக்கத்து ஆட்களுக்குத்தான் சொல்கிறேன். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல், சற்றே கலங்கித் தெரியும். பிள்ளைகளை இறக்கத் தோதான இடம் போலிருக்கும். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது. இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிவிட்டுப் பிறகு கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே இருப்பதுதான் உயிர்காப்பாளர் கண்வைத்திருக்கும் இடம். குடித்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு எந்தக் கொடியும் உதவாது.

அடுத்தது, வடக்கா தெற்கா? பாகா, கலங்குட், அஞ்சுனா வடக்கில். கூட்டமும் பாட்டுச் சத்தமும் அதிகம். குடும்பத்தோடு என்றால் கோல்வா, பெனாலிம், பாலோலெம் என்று தெற்கேதான் நான் அறை போடுவேன். மாநிலமே 3,702 சதுர கிலோமீட்டர்தானே, எங்கே தங்கினால் என்ன என்று கேட்பவர்கள் டாக்ஸி வாடகை தெரியாதவர்கள். ஓலா, ஊபர் அங்கே கிடையாது. விமான நிலையமும் இரண்டு. 2023-ல் விமானங்கள் வரத் தொடங்கிய மோபா வடகோடியில், பழைய தபோலிம் அதற்குத் தெற்கே. பாலோலெம் தென்கோடி. மலிவாக இருக்கிறதே என்று மோபாவுக்கு டிக்கெட் எடுத்தால், மிச்சம் பிடித்த காசு டாக்ஸிக்குப் போய்விடும். ரயில் என்றால் நெல்லையிலிருந்தே ஜாம்நகர், காந்திதாம் வண்டிகள் தெற்கு கோவாவின் மட்காவ் ஸ்டேஷன் வழியாகப் போகின்றன. தினசரி வண்டிகள் அல்ல, முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பிளேட் வண்டியை நூறு ரூபாய் குறைத்துத் தருவார்கள். போலீஸ் மறித்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பழைய கோவா (ஓல்டு கோவா) என்ற ஊரை விட்டுவிடாதீர்கள். 1542-ல் கோவாவில் வந்திறங்கி, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் அங்கே பாம் ஜீசஸ் பசிலிக்காவில் இருக்கிறது. அவர் தங்கியிருந்த மணப்பாடு போய்வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். கடற்கரை உடுப்போடு உள்ளே போக முடியாது. டிசம்பர் 3 திருவிழா. அன்று போகிறவர்கள் வெள்ளனே கிளம்பிவிடுங்கள்.