மியூச்சுவல் எய்டு அக்ரிமென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு நகரத்தின் தீயணைப்பு வண்டிகள் எல்லாமே நெருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் பத்து வண்டி வேண்டும். பக்கத்து நகரத்திடம் கேட்கலாம், சரி. அவர்கள் அனுப்பியே ஆக வேண்டுமா? வந்தவர்கள் யார் சொல்படி நடப்பார்கள்? அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் செலவு யாருடையது? இதற்கெல்லாம் ஆபத்து வருவதற்கு முன்பே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பதுதான் மியூச்சுவல் எய்டு அக்ரிமென்ட். அமெரிக்காவில் நகரம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), மாநிலம் என எல்லா மட்டத்திலும் இது உண்டு.

மியூச்சுவல் என்பதன் வேர் லத்தீனின் ‘மூத்துவுஸ்’. மாற்றுதலைக் குறிக்கும் ‘மூத்தாரே’ என்ற வினையோடு உறவுடைய சொல். ரோமானியச் சட்டத்தில் ‘மூத்துவும்’ என்று ஒரு வகைக் கடனே இருந்தது. தானியம், எண்ணெய், பணம் போன்றவற்றை வாங்கிச் செலவழித்துவிட்டு, அதே வகையில் அதே அளவைப் பிறகு திருப்பித் தருவது. மியூச்சுவல் எய்டின் சாரமும் இதுதான். இன்று என் வண்டி உன் ஊருக்கு வருகிறது. என்றோ ஒரு நாள் உன் வண்டி என் ஊருக்கு வரும்.

கலிபோர்னியாவில் மாநிலம் முழுமைக்குமான உடன்படிக்கை 1950இல், ஏர்ல் வாரன் ஆளுநராக இருந்தபோது, கையெழுத்தானது. நகரம் தன் கவுன்டி வழியாகக் கேட்கும். அங்கே போதவில்லை என்றால் மண்டலம், அப்புறம் மாநிலம். உதவி அனுப்பும் ஊர் தன் சொந்த மக்களை நிராதரவாக விட்டுவிட்டு அனுப்ப வேண்டியதில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த வரி இருப்பதால்தான் சின்ன ஊர்களும் தயங்காமல் கையெழுத்துப் போட முடிகிறது என்று நினைக்கிறேன்.

மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கையை ‘ஈமாக்’ (எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் அசிஸ்டன்ஸ் காம்பாக்ட் என்பதன் சுருக்கம்) என்பார்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைச் சிதைத்த பிறகு தென் மாநில ஆளுநர்கள் தொடங்கியது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதன் பிரிவுகளைப் படித்தால் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். போகிற குழு தன் வழக்கமான தலைவரின் கீழேயே இருக்கும். ஆனால் களத்தில் எங்கே, என்ன வேலை என்பதை உதவி பெறும் மாநிலம் சொல்லும். சொந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற செவிலியரின் உரிமம் அங்கேயும் செல்லும். செலவை உதவி பெற்றவர் ஈடுகட்ட வேண்டும். காயம்பட்டவருக்கான இழப்பீட்டை அனுப்பிய மாநிலமே தரும். வாய்மொழியாகக் கேட்டிருந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். 2005இல் கத்ரீனா, ரீட்டா சூறாவளிகளின்போது 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்த வழியில்தான் மற்ற மாநிலங்களிலிருந்து போனார்கள்.

கையெழுத்து மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் பற்றி எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் வீரர்கள் ரயிலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஹோஸின் மரை, தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் பால்டிமோரின் தெருக்குழாய் மரையில் சேரவில்லை. தண்ணீர் இருந்தது, ஆள் இருந்தது, ஹோஸ் இருந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 1991இல் ஓக்லாந்து மலைப்பகுதித் தீயிலும் இதே வேதனை: ஓக்லாந்தின் தெருக்குழாய் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்தவர்களின் ஹோஸ் இணைப்பு 2.5 அங்குலம். அந்தத் தீயில் 25 பேர் இறந்தார்கள்.

இனி தமிழ். ‘பரஸ்பர உதவி ஒப்பந்தம்’ என்பது எல்லோருக்கும் புரிகிறது, தப்பில்லை. ‘இருதரப்பு உதவி’ பொருந்தாது. கையெழுத்திடுபவர்கள் ஐம்பது பேர்கூட இருக்கலாம். ‘கூட்டு உதவி’ என்றால் பலர் சேர்ந்து யாருக்கோ செய்வது. சிலருக்கு ‘ஒப்புரவு’ நினைவுக்கு வரும். அழகான சொல். ஆனால் ஒப்புரவைப் பேசும் குறள் அதிகாரம் தொடங்குவதே ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்றுதான். மழைக்கு உலகம் எதையும் திருப்பித் தருவதில்லை, ஒப்புரவும் அப்படித்தான் என்கிறது அந்தக் குறள். இங்கேயோ திருப்பித் தரும் கடமைதான் உயிர்நாடி.

நான் முன்வைப்பது ‘கைமாற்றுதவி’. அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்கி, முடிந்தபோது திருப்பித் தருவதைக் கைமாற்று என்கிறோம். ரோமானியரின் ‘மூத்துவும்’ போலவே இதிலும் மாற்றுதல் இருக்கிறது. வாங்குவதற்கும் தருவதற்கும் நடுவிலுள்ள கால இடைவெளியும் இருக்கிறது. பணத்தை நினைவூட்டுமே என்றால், ‘உதவி’ கூடவே நிற்பதால் குழப்பம் வராது. கைமாற்றுக்குச் சீட்டு எழுதுவதில்லை, இதற்கு எழுதுகிறோம். அந்த வித்தியாசத்தை அடுத்த சொல் பார்த்துக்கொள்ளும்.

அந்த அடுத்த சொல்லாக ‘ஒப்பந்தம்’ வேண்டாம். அதைக் கேட்டதும் டெண்டரும் ஒப்பந்ததாரரும்தான் மனதில் வருகிறார்கள். நகரங்களும் மாநிலங்களும் சமமாக உட்கார்ந்து இசைவதற்கு ‘உடன்படிக்கை’ பொருத்தம். ஆக, கைமாற்றுதவி உடன்படிக்கை. செய்தியில் முதல் முறை வரும்போது ‘ஒருவருக்கொருவர் உதவும் உடன்படிக்கை’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

இதன் கூடப்பிறந்த சொல் ஒன்றும் உண்டு: ‘ஆட்டோமேட்டிக் எய்டு’. இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அழைப்பு வந்ததும், ஊர் எல்லை எதுவானாலும், கிட்டத்தில் இருக்கும் வண்டி கிளம்பிவிடும். முன்கூட்டியே அப்படி ஏற்பாடு செய்திருப்பார்கள். ‘தானியங்கி உதவி’ என்று எழுதினால் ஏதோ இயந்திரம் என்று படுகிறது. ‘கேளா உதவி’ என்றால் போதும்.